பட்டு மூட்டையோடு வந்த தூதர்கள்

பழங்காலத்தில் நாடு விட்டு நாடு தூது போனவர்கள் யார், அரசாங்க அதிகாரிகளா, வணிகர்களா? பட்டுப் பாதையில் சீன வணிகர்கள் ரோம் வரை நேராகவே போய் வந்தார்களா? கேள்வி இவை இரண்டும்தான். பின்னதற்குப் பதில் எளிது: போகவில்லை. சீனத்தில் கட்டிய பட்டு மூட்டை மத்தியதரைக் கடல் பக்கம் வருவதற்குள் பல கை மாறியிருக்கும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறியிருக்கும். முன்னதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அரசர்கள் நட்பாகிறார்கள், அப்புறம் அந்த நட்பின் நிழலில் வணிகம் வளர்கிறது என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் நடு ஆசியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். கையில் சரக்கு தேங்கிப்போய், விற்க வழியில்லாமல் நின்ற ஒரு வணிகக் கூட்டம், தன் சரக்குக்குச் சந்தை தேடி இரண்டு பேரரசுகளைக் கூட்டாளிகளாக்கியது. அந்த ஒரு நிகழ்வைச் சரியாகப் பார்த்தாலே கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

அந்த வணிகர்கள் சோக்தியர்கள். இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கம், ஜெரவ்ஷான் ஆற்றை ஒட்டிய சாமர்கண்ட், புகாரா, பஞ்சிகெண்ட் போன்ற ஊர்கள் அவர்களுடையவை. அவர்களுக்கென்று ஒரு பேரரசு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் சாமர்கண்டிலிருந்து சீனத் தலைநகரம் வரை வழிநெடுக அவர்களுடைய குடியிருப்புகள் இருந்தன. சோக்தியர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வாயில் கற்கண்டும் உள்ளங்கையில் பசையும் வைப்பார்கள் என்று சீன வரலாற்று நூல் ஒன்று எழுதி வைத்திருக்கிறது. பேச்சு இனிக்க வேண்டும், கைக்கு வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. அண்டை வீட்டுக்காரன் சொல்லும் கேலியாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் எப்படிப்பட்டவன் என்பது புரிந்துவிடுகிறது.

1907இல் ஆரல் ஸ்டெய்ன் என்ற தொல்லியல் ஆய்வாளர், வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் நகருக்கு மேற்கே ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் சில சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். கி.பி. 313 வாக்கில் எழுதப்பட்டு, போய்ச் சேராமலே நின்றுபோன தபால் அது. அதில் ஒன்று பட்டுத் துணியில் சுற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த சாமர்கண்டுக்கு முகவரியிட்டது. சீனத் தலைநகர் லோயாங் எரிந்தது, பஞ்சம், பேரரசர் ஓடிவிட்டார் என்று அந்த வணிகர் முதலாளிக்குத் தகவல் சொல்கிறார். சொல்லிவிட்டு, ஊரில் தான் விட்டுவந்த பணத்தை எப்படி முதலீடு செய்ய வேண்டும், அதில் ஒரு அனாதைப் பிள்ளைக்கு என்ன சேர வேண்டும் என்றும் எழுதுகிறார். அரசியல் உளவும் வரவு செலவுக் கணக்கும் ஒரே கடிதத்தில் வருகின்றன. இப்படிப்பட்ட ஆளைத்தான் எந்த அரசனும் தூதுக்குத் தேடுவான். பல மொழி தெரியும், வழி தெரியும், போகும் ஊரிலெல்லாம் தங்க உறவுக்காரன் வீடும் இருக்கும்.

அரசர்கள் தேடவும் செய்தார்கள். கி.பி. 545இல் வட சீனத்தின் மேற்கு வெய் அரசு, சீனத்துக்கு வடக்கே பரந்த புல்வெளியில் அப்போதுதான் தலை தூக்கிக்கொண்டிருந்த நாடோடித் துருக்கியருக்கு முதல் தூதரை அனுப்பியது. போனவர் சீனர் அல்ல, ஜியுசுவான் ஊரில் குடியிருந்த ஒரு சோக்தியர். பெரிய நாட்டிலிருந்து தூது வந்துவிட்டது, இனி நமக்கு ஏறுமுகம்தான் என்று துருக்கியர் கொண்டாடினார்கள் என்கிறது சீனப் பதிவு. ஏழே ஆண்டில், 552இல், தங்களை அடக்கி வைத்திருந்த ரூரான்களை வீழ்த்திவிட்டு அவர்களே புல்வெளியின் எஜமானர்கள் ஆனார்கள். மேற்குப் பகுதியை ஆண்டவர் இஸ்தமி. கிரேக்கர்கள் அவரை சிசபூல் என்று எழுதினார்கள். சாசானியப் பாரசீகத்தின் மன்னர் குஸ்ரூ அனுஷிர்வானோடு கைகோத்து, 560 வாக்கில் ஹெப்தலைட்டுகளை, அதாவது வெள்ளை ஹூணர்களை, அவர் ஒழித்துக்கட்டினார். அதுவரை ஹெப்தலைட்டுகளுக்கு வரி கட்டிக்கொண்டிருந்த சோக்தியா இப்போது துருக்கியர் கையில்.

இனிச் சரக்குக்கு வருவோம். வட சீனம் அப்போது வட ஜோ, வட சி என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. துருக்கியர் எதிரி பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு அரசுகளும் போட்டி போட்டு அவர்களுக்குப் பட்டு கொடுத்தன. வட ஜோ மட்டும் ஆண்டுக்கு 1,00,000 சுருள் பட்டு கொடுத்தது. தெற்கே எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கடமை தவறாதவரை எனக்கு ஏது வறுமை என்று துருக்கியரின் ககான், அதாவது பேரரசர், தஸ்பர் சொல்லிக்கொண்டாராம். சீன அரசர்களைத்தான் சொல்கிறார்.

குதிரை மேல் வாழ்கிற கூட்டம் ஆண்டுக்கு லட்சம் சுருள் பட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கூடாரம் போடலாம், தளபதிகளுக்குப் பங்கு கொடுக்கலாம். மிச்சத்தைக் காசாக்க வேண்டும். அங்கேதான் சோக்தியர்கள் வருகிறார்கள். பட்டு வணிகப் பட்டாக மட்டும் நடு ஆசியாவுக்கு வரவில்லை, பெரும்பகுதி இப்படி அரசியல் கப்பமாகத்தான் வந்தது. பட்டுப் பாதையைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இதைத்தான்.

பக்கத்துச் சந்தை பாரசீகம். பாரசீகர்களிடம் கச்சாப் பட்டு விற்க அனுமதி கேட்டு ஒரு தூது போகலாம் என்று சோக்தியர்கள் சிசபூலிடம் கேட்டார்கள், அவரும் சரி என்றார். தலைமை தாங்கிப் போனவர் மானியாக் என்ற சோக்தியர். குஸ்ரூ இன்று நாளை என்று இழுத்தடித்தார். துருக்கியர் ஆட்கள் தம் நாட்டுக்குள் தாராளமாக நடமாடுவதை அவர் விரும்பவில்லை. பட்டு ரோமுக்குப் போகும் வழியில் தரகுக்காரராக உட்கார்ந்திருப்பவர், இன்னொருவரை ஏன் உள்ளே விடப் போகிறார்? கடைசியில், பாரசீகர் பக்கம் சேர்ந்திருந்த கதுல்ஃப் என்ற ஹெப்தலைட் ஒரு யோசனை சொன்னார். அதன்படி குஸ்ரூ மொத்தப் பட்டையும் நியாயமான விலை கொடுத்து வாங்கினார். வாங்கி, தூதர்களின் கண் முன்னாலேயே தீ வைத்து எரித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த விலை. பறித்திருந்தால் அநியாயம், போருக்குக் காரணம். திருப்பி அனுப்பியிருந்தால் சரக்கு வேறு வழியில் போய்ச் சேரும். பணத்தையும் கொடுத்து நெருப்பும் வைத்ததால், உங்களுக்கு நான் கடன்பட்டவன் இல்லை, உங்கள் சரக்கும் எனக்குத் தேவையில்லை என்று ஒரே வீச்சில் சொல்லியாயிற்று. ராஜதந்திரத்தில் இதைவிடச் செலவு பிடித்த, இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை.

சிசபூல் விடவில்லை. இந்தத் தடவை துருக்கியர்களையே அனுப்பினார். மூன்று நான்கு பேரைத் தவிர எல்லாரும் அங்கேயே செத்துப்போனார்கள். பனிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் வறண்ட வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாரசீகர்கள் கதை பரப்பினார்கள். நஞ்சு வைத்துவிட்டார்கள் என்பது சிசபூலின் முடிவு. இதைச் சொல்லும் வரலாற்றாசிரியர் மெனாண்டர் ரோமானியர், பாரசீகர்மேல் நல்லெண்ணம் இருந்திருக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியோ, உறவு முறிந்தது.

மானியாக் இப்போது தன் தலைவரிடம் வேறு கணக்குச் சொன்னார்: ரோமானியர்களோடு நட்பு வைப்போம், உலகத்தில் வேறு எவரையும்விட அதிகமாகப் பட்டு உடுத்துகிறவர்கள் அவர்கள்தான், நானே போகிறேன். சந்தை ஆய்வு என்றால் இதுதான்.

அவர் சொன்னது சரியான கணக்கு. அன்றைய ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் பட்டுக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. கச்சாப் பட்டு பாரசீகர் வழியாகத்தான் வர வேண்டும், அதுவும் எல்லையில் குறித்துக் கொடுத்த சில ஊர்களில் மட்டும்தான் கொள்முதல். பேரரசர் ஜஸ்டினியன் ஒரு ராத்தல் பட்டுக்கு 8 பொற்காசுக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தார். வாங்கும் விலையே ஏறிக்கிடக்க, மத்தியதரைக் கடலோர நகரங்களான டயர், பெய்ரூட் ஊர்ப் பட்டு வணிகர்கள் நொடித்துப்போனதுதான் மிச்சம்.

அதற்கு முன்பே, 531 வாக்கில், கடல் வழியையும் முயன்றிருந்தார். இந்தியர்களிடம் பட்டு வாங்கி எங்களுக்கு விற்றுப் பணம் பாருங்கள் என்று எத்தியோப்பியாவின் அக்சூம் அரசருக்குத் தூது போனது. அவரும் ஒப்புக்கொண்டார். நடக்கவில்லை. இந்தியக் கப்பல் ஒதுங்கும் துறைமுகங்களில் பாரசீக வணிகர்கள் முன்கூட்டியே போய் நின்று மொத்தச் சரக்கையும் அள்ளிவிடுவார்கள் என்று காரணம் எழுதுகிறார் அக்கால வரலாற்றாசிரியர் ப்ரோகோப்பியஸ். அந்தக் கடல் சந்தையின் நடுவில் இருந்தது இலங்கை. சீனப் பட்டு அங்கே வந்து இறங்கியதை அதே நூற்றாண்டில் எழுதிய காஸ்மஸ் என்ற பயணி குறிப்பிடுகிறார். அவர் சொல்லும் ஒரு கதை வேடிக்கையானது. இலங்கை அரசர் அவையில் பாரசீகர் ஒருவர் எங்கள் மன்னரே பெரியவர் என்று அளந்துகொண்டிருந்தாராம். ரோமானிய வணிகர் சோபத்ரோஸ் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரோமின் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் எடுத்து வைத்தாராம். அரசர் சோபத்ரோஸை யானை மேலேற்றி, கொட்டு முழக்கத்தோடு ஊர்வலம் விட்டாராம். கதையில் கொஞ்சம் சுயபெருமை கலந்திருக்கும். ஆனால் அந்த அவையில் தன் நாட்டுக்காகப் பேசியவர் ஒரு வணிகர் என்பதைக் கவனியுங்கள்.

550களின் தொடக்கத்தில் துறவிகள் சிலர் பட்டுப்புழு முட்டைகளையே கொண்டுவந்து ஜஸ்டினியனிடம் சேர்த்தார்கள். இதோடு ரோமின் பட்டுப் பஞ்சம் தீர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. முட்டை வந்ததும் ஒரு தொழில் முளைத்துவிடாது. மல்பெரி மரம் வளர வேண்டும், கைத்திறன் பழக வேண்டும். பல பத்தாண்டு வேலை.

562இல் ரோமும் பாரசீகமும் 50 ஆண்டு சமாதான ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. ரோம் ஆண்டுக்கு 30,000 பொற்காசு கட்ட வேண்டும், அதிலும் முதல் ஏழு ஆண்டுப் பணம் முன்கூட்டியே. இதன் வாசகத்தை மெனாண்டர் கிட்டத்தட்ட வரிக்கு வரி தருகிறார். கிரேக்கத்தில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று, இரண்டும் மொழிபெயர்த்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, இரு தரப்புத் தூதர்களோடு 12 மொழிபெயர்ப்பாளர்களும் முத்திரை வைத்தார்கள். அதில் வணிகத்துக்கென்றே விதிகள் உண்டு. வணிகர்கள் குறித்த சுங்கச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும். அரபு வணிகர்கள் எல்லை ஊர்களான நிசிபிஸ், தாரா இரண்டையும் விட்டுக் குறுக்கு வழியில் போகக் கூடாது. அப்புறம் இன்னொரு விதி: தூதர்களும் அரசாங்கத் தபால் குதிரையில் வருபவர்களும் தாங்கள் கொண்டுவரும் சரக்கைத் தடையில்லாமல், சுங்கம் இல்லாமல் விற்று வாங்கலாம்.

தூது போனவர்கள் யார் என்ற முதல் கேள்விக்கு நேரான பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தூது போகிறவன் சரக்கோடுதான் வருவான் என்பதை இரண்டு பேரரசுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சாதாரண வணிகனுக்குச் சுங்கம், தூதனுக்கு இல்லை என்றால், வசதியுள்ள எந்த வணிகன் தூதனாகப் பார்க்க மாட்டான்?

சரி, மானியாக்கிடம் திரும்புவோம். காக்கசஸ் மலையைக் கடந்து, 568 இறுதி வாக்கில் அவர் கான்ஸ்டாண்டிநோபிள் வந்தார். கையில் பட்டுப் பரிசுகளும் ஒரு கடிதமும். அரியணையில் இப்போது இரண்டாம் ஜஸ்டின். மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கேட்ட கேள்விகளில் பட்டு இல்லை. உங்கள் அரசு எப்படி நடக்கிறது? ஹெப்தலைட்டுகளை முழுக்க அடக்கிவிட்டீர்களா? அவர்கள் நகரத்தில் வாழ்ந்தவர்களா, கிராமத்திலா? உங்களிடமிருந்து ஓடிவந்த அவார் நாடோடிகள் எத்தனை பேர்? 20,000 என்றார் மானியாக். பேரரசர் எடை போட்டது பாரசீகத்தின் முதுகுப் பக்கம் தாக்கக்கூடிய ஒரு படையை. மானியாக் தேடி வந்தது வாடிக்கையாளரை. சிசபூலுக்கு வேண்டியது பழிவாங்கத் துணை. மூன்று பேரின் நோக்கமும் வேறு வேறு, ஆனாலும் உடன்பாடு கூடிவிட்டது. தூதர்கள் கை தூக்கிச் சத்தியம் செய்தார்கள். ஜஸ்டின் அவர்களுக்குத் தம் ஊரில் பட்டுப்புழு வளர்ப்பதைக் காட்டி அசத்தினார் என்று இன்னொரு ஆசிரியர் சொல்கிறார். விருந்தாளிக்கு வேடிக்கை காட்டியது மாதிரியும் ஆயிற்று, உங்களை மட்டும் நம்பி நாங்கள் இல்லை என்று சொன்ன மாதிரியும் ஆயிற்று.

569 ஆகஸ்டில், சிலீசியாவைச் சேர்ந்த செமார்கஸ் என்ற தளபதி மானியாக்கோடு பதில் தூதாகக் கிளம்பினார். சோக்தியாவில் இறங்கியதுமே சில துருக்கியர் இரும்பு விற்க வந்தார்கள். எங்களிடம் இரும்புச் சுரங்கம் இருக்கிறது என்று காட்டத்தான் அந்த நாடகம் என்று மெனாண்டர் நினைக்கிறார். பிறகு பூசாரிகள் மணியும் பறையும் அடித்து, சாம்பிராணி புகைத்து, செமார்கஸை நெருப்பின் நடுவே நடக்க வைத்துத் தீட்டுக் கழித்தார்கள். அதன் பிறகுதான் எக்தாக் மலைப் பள்ளத்தாக்கில் சிசபூலின் முகாம். முதல் நாள் பலவண்ணப் பட்டுக் கூடாரம், குதிரை பூட்டி இழுக்கக்கூடிய இரு சக்கரப் பொன் ஆசனம். மூன்றாம் நாள் நான்கு பொன்மயில்கள் தாங்கும் கட்டில். வெளியே வண்டி வண்டியாக வெள்ளித் தட்டுகள், வெள்ளி விலங்குகள். எங்கள் ஊர் வேலைப்பாட்டுக்குக் கொஞ்சமும் குறையாதவை என்கிறது ரோமானியக் குறிப்பு. அந்தப் பொன்னும் வெள்ளியும் எங்கிருந்து வந்தன என்று அது விசாரிக்கவில்லை. பட்டைக் காசாக்கிய சோக்தியர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

தலாஸ் ஊரில் பாரசீகத் தூதர் ஒருவரும் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒரே பந்தியில் விருந்து. சிசபூல் ரோமானியருக்கு உயர்ந்த இடம் கொடுத்துவிட்டுப் பாரசீகர்மேல் குற்றம் அடுக்கினார். விருந்தில் மௌனம் காப்பது அவர்கள் வழக்கம். அதை மீறிப் பாரசீகத் தூதர் எதிர்த்துக் கத்தினார். அந்தச் சண்டையை நேரில் பார்க்கத்தான் செமார்கஸ் அத்தனை தூரம் அழைத்து வரப்பட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குள் மானியாக் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு ஒரு துருக்கியத் தூதர் வந்தார், துணைக்கு மானியாக்கின் இளவயது மகன். தகப்பன் தொழில் பிள்ளைக்கு வந்தது.

திரும்பும் வழியில், காக்கசஸில், 4,000 பாரசீகர்கள் பதுங்கியிருப்பதாகத் துப்பு கிடைத்தது. செமார்கஸ் பட்டுச் சுமையோடு பத்துச் சுமையாட்களை எதிரி காத்திருக்கும் பாதையில் அனுப்பினார். பட்டு முன்னால் போனால் தூதர் பின்னால் வருவார் என்று எவனும் நம்புவான் அல்லவா? அவர் வேறு பாதையில் நழுவிக் கருங்கடலைப் பிடித்துவிட்டார்.

கூட்டணி நெடுநாள் நிலைக்கவில்லை. துருக்கியரை நம்பி 572இல் ஜஸ்டின் பாரசீகத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தை நிறுத்தினார். மறு ஆண்டு தாரா கோட்டை பறிபோனது, அவர் மனமும் கலங்கியது. போர் 591 வரை இழுத்தது. இதற்கிடையே ரோம், துருக்கியரிடமிருந்து ஓடிவந்த அந்த அவார்களோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. 576இல் தூதர் வாலண்டைன் போனபோது சிசபூலின் மகன் துர்க்சாந்தோஸ் பத்து விரலையும் வாயில் வைத்துக் காட்டி, உங்களுக்குப் பத்து நாக்கு, புரட்டு ஒன்று என்று ஏசினார். செத்த தகப்பனுக்குத் துக்கம் காக்கத் தூதர்களையும் கத்தியால் கன்னத்தைக் கீறிக்கொள்ள வைத்தார். அதே ஆண்டு கிரிமியாவின் பொஸ்போரஸ் நகரம் துருக்கியர் வசமானது.

ஆனால் வாலண்டைன் கிளம்பியபோது தன்னோடு அழைத்துப் போனவர்கள் 106 துருக்கியர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வெவ்வேறு தூதுக் குழுக்களோடு வந்து கான்ஸ்டாண்டிநோபிளிலேயே தங்கிவிட்டவர்கள். பட்டின் விலை பேசாமல் இத்தனை ஆண்டு அங்கே சும்மா உட்கார்ந்திருப்பார்களா? பதிவு இல்லைதான், ஆனால் வடக்குக் காக்கசஸில், மொஷ்செவயா பால்கா என்ற இடத்தின் 8, 9ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் சோக்தியப் பட்டும் சீனப் பட்டும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கூடவே சீன மொழியில் எழுதிய வரவு செலவுக் கணக்கின் கிழிசல் ஒன்று. மலைப் பாதையில் சுங்கமாகவும் கூலியாகவும் பட்டுத் துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பாரசீகத்தைச் சுற்றிப்போகும் அந்த வடக்கு வழியைத்தான் மானியாக் 568இல் பட்டோடு கடந்தார். அந்தக் கல்லறைகளின் காலத்துக்குள் சாசானியப் பேரரசே மறைந்துவிட்டிருந்தது.